உச்சி வேளையில் வாடும் கத்தரி: வேரைத் தோண்டிப் பாருங்கள்

தேவகோட்டையிலிருந்து சருகணி செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில், ஐம்பது சென்ட் தோட்டக்காலில் கத்தரி பயிரிடும் ஓர் அம்மையாரை இரண்டு ஆண்டுகளுக்கு முன் பங்குனி மாதத்தில் சந்தித்தேன். கிணற்றில் தண்ணீர் இருந்தது. அடியுரம், மேலுரம் இரண்டும் இட்டிருந்தார். கடையில் கொடுத்த மருந்தை மூன்று முறை தெளித்திருந்தார். ஆனாலும் வயலில் அங்கங்கே வட்டம் வட்டமாகச் செடிகள் குட்டையாகி, வெளிறி நின்றன.

"காலையில நிமிந்து நிக்குது சார். பன்னண்டு மணி ஆனா தலையத் தொங்கப் போட்டுருது. சாயங்காலம் திரும்ப நிமிருது. சாகவும் மாட்டேங்குது, காய்க்கவும் மாட்டேங்குது" என்றார் அவர். முந்தின ஆண்டு அதே நிலத்தில் தக்காளி. அதுவும் இப்படித்தான் பாதியில் நின்றுவிட்டதாம். நகையை அடகு வைத்து வாங்கிய பணத்தில் இரண்டாம் முறையாகப் பயிர் வைத்திருக்கிறார். இந்த முறையும் போனால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போவதாக முடிவு செய்திருந்தார்.

மண்வெட்டி ஒன்று வாங்கி, வாடிய செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளிக் கொத்தி, மண்ணோடு பெயர்த்தெடுத்து, தொட்டித் தண்ணீரில் மெதுவாக அலசிக் காட்டினேன். வேர் வேராக இல்லை. மிளகு அளவிலும் கடலை அளவிலும் முடிச்சு முடிச்சாக, உருத்திராட்ச மாலை போல வீங்கியிருந்தது. நுனியில் இருக்க வேண்டிய மெல்லிய சல்லி வேர்களைக் காணவே இல்லை. மூன்று முறை அடித்த மருந்து இலைக்குப் போயிருக்கிறது. எதிரி இருந்ததோ மண்ணுக்குள்!

இதில் அந்த அம்மையாரை மட்டும் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே போல் மஞ்சள் பாரித்து நின்ற ஒரு வெண்டை வயலை வரப்பில் நின்றபடியே பார்த்துவிட்டு, தழைச்சத்துக் குறை என்று சொல்லி யூரியாக் கரைசல் தெளிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த விவசாயி சொன்னபடி செய்தார். பயிர் தேறவில்லை. வேரைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே அன்று எனக்கு வரவில்லை. அன்று முதல் மண்வெட்டி இல்லாமல் வாடிய வயலுக்குள் இறங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வேர்முடிச்சு நூற்புழு

இந்த முடிச்சுகளுக்குக் காரணம் வேர்முடிச்சு நூற்புழு என்பதாகும். பெயரில் புழு என்று இருந்தாலும் இது நாம் அறிந்த காய்ப்புழு, தண்டுப்புழு வகையைச் சேர்ந்ததன்று. நூல் போன்று மெலிந்த இதன் குஞ்சு அரை மில்லிமீட்டர் நீளம் கூட இராது. கண்ணுக்குத் தெரியாது, நுண்ணோக்கியில்தான் காணலாம். மண் துகள்களுக்கு இடையே உள்ள ஈரத்தில் நீந்தி வந்து, வேரின் நுனிப் பக்கமாக உள்ளே நுழைகிறது. நுழைந்த இடத்தில் தலையைப் பதித்துக்கொண்டு ஒருவித உமிழ்நீரைச் செலுத்துகிறது. அதனால் சுற்றியுள்ள வேர்ச் செல்கள் பன்மடங்கு பருத்து, புழுவுக்கு உணவு ஊட்டும் தொட்டில்களாக மாறிவிடுகின்றன. வெளியே நாம் முடிச்சு என்று பார்ப்பது இந்த வீக்கத்தைத்தான்.

உள்ளே தங்கிய பெண் புழு பேரிக்காய் வடிவில் பருத்து, அதற்குப் பின் இடத்தை விட்டு அசைவதில்லை. பசை போன்ற ஒரு பைக்குள் 200 முதல் 500 முட்டைகள் வரை இடுகிறது. முட்டையிட ஆண் புழு கூடத் தேவையில்லை. நம் பகுதி வெப்பத்தில் முட்டையிலிருந்து மறுபடி முட்டை வரை 25 முதல் 30 நாட்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். கத்தரி ஐந்து மாதம் வயலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புழு இட்ட முட்டைகளில் பத்தே பிழைத்தாலும், ஐந்தாம் தலைமுறையில் அது ஒரு லட்சமாகிவிடும். முதல் ஆண்டு தெரியாத சேதம் மூன்றாம் ஆண்டில் வயலையே விழுங்குவது இப்படித்தான்.

வேரின் நீர்க்குழாய்கள் இந்த வீக்கத்தால் நசுங்கிப்போகின்றன. காலையிலும் மாலையிலும் இலைக்குத் தேவைப்படும் தண்ணீரை எப்படியோ ஏற்றிவிடுகின்ற வேர், உச்சி வெயிலில் ஈடுகொடுக்க முடியாமல் தோற்கிறது. தண்ணீர் கட்டிய மறுநாளே செடி வாடுவதற்கு இதுவே காரணம். இட்ட உரமும் இதே காரணத்தால் மேலே ஏறுவதில்லை. ஆகவே இப்படிப்பட்ட வயலில் மேலும் மேலும் உரமிடுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. புழு துளைத்த வேரின் வழியே வாடல் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவும் பூசணமும் எளிதில் நுழைகின்றன. வாடிய செடி மாலையில் நிமிராமல் இரண்டு மூன்று நாளில் அப்படியே காய்ந்தால், தண்டின் அடிப்பகுதியை நறுக்கி ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்க விட்டுப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் பாக்டீரியா வாடலும் சேர்ந்துவிட்டது என்று பொருள். அத்தகைய செடியை உடனே அப்புறப்படுத்த வேண்டும்.

நூற்றாண்டுக் கணக்கான எதிரி

இது புதிதாக வந்த பூச்சி என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. 1901-ஆம் ஆண்டிலேயே நீலகிரியில் தேவாலா என்ற ஊரின் தேயிலைத் தோட்டத்தில் வேர்முடிச்சு நூற்புழுவைச் சென்னை மாகாண அரசின் தாவரவியல் அறிஞர் பார்பர் கண்டறிந்து எழுதியிருக்கிறார். பின்னாளில் கோவையில் கரும்பு இனவிருத்திக்கு அடிகோலியவரும் இவரே. இந்தியாவில் பயிரைத் தாக்கும் நூற்புழு பற்றிய முதல் பதிவு நம் தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்தது.

1961-ல் நீலகிரி உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு நூற்புழு என்ற வேறொரு வகை கண்டுபிடிக்கப்பட்டது. வெளிநாட்டு விதைக்கிழங்குடன் அது வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. அங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோக 1971-ல் தடை விதிக்க நேர்ந்தது. அண்மைக் காலத்தில் பழனிக்கு அருகே ஆயக்குடிப் பகுதியின் கொய்யாத் தோப்புகளில் வேர்முடிச்சு நூற்புழுவின் மற்றொரு கடுமையான இனம் புகுந்து, காய்த்துக்கொண்டிருந்த மரங்களைக் காயவைத்தது. இந்தப் புழுவும் நாற்றின் வேரிலும் பையிலுள்ள மண்ணிலும் ஒட்டிக்கொண்டுதான் ஊர் விட்டு ஊர் போகிறது.

புழு தானாக ஓர் ஆண்டில் ஒரு மீட்டர் தூரம் கூட நகராது. அதைச் சுமந்து வருபவர்கள் நாம்தான். நாற்று, மண்வெட்டி, டிராக்டர் சக்கரம், மேல் வயலிலிருந்து வழிந்து வரும் பாசன நீர் ஆகிய இவையே அதற்கு வாகனம். இவற்றுள் முதலாவது நாற்றுதான். சருகணிச் சாலை அம்மையார் முதலில் தக்காளி நாற்றை விலைக்கு வாங்கித்தான் நட்டிருந்தார். வாங்கும்போது இலையைப் பார்த்தாரே தவிர, வேரைப் பார்க்கவில்லை.

நம் மண்ணில் ஏன் அதிகம்?

தேவகோட்டை வட்டாரத்தின் செம்மண், மணல் கலந்த சரளைச் செம்மண் ஆகியவற்றில் துகள்களுக்கிடையே இடைவெளி அதிகம். நூற்புழு நடமாட அது வசதியானது. இறுகிய களிமண்ணில் அதற்கு அவ்வளவு வசதி இல்லை. மேலும் கிணற்றுப் பாசனத் தோட்டக்காலில் ஆண்டுதோறும் கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய், புடல், பாகல் என்று மாற்றி மாற்றிப் பயிரிட்டாலும், அத்தனையும் இந்தப் புழுவுக்கு விருந்துதான். தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து, வாழை, பப்பாளி, வெற்றிலைக் கொடி, மல்லிகை, சம்பங்கி எதையும் இது விட்டுவைப்பதில்லை. பயிரை மாற்றினோம் என்று நாம் நினைக்கிறோம். புழுவைப் பொறுத்தமட்டில் இலையை மாற்றிப் பரிமாறியிருக்கிறோம், அவ்வளவே.

வரப்பில் விட்டுவைக்கும் மணத்தக்காளி, குப்பைக்கீரை, கரிசலாங்கண்ணி போன்ற செடிகளிலும் இது தங்கும். அறுவடை முடிந்த கத்தரித் தூரை ஆடு மேயட்டும் என்று இரண்டு மாதம் வயலிலேயே விட்டுவைப்பது நம் பக்கத்து வழக்கம். மேலே இலை போனாலும் கீழே வேர் உயிரோடு இருக்கும்வரை புழு பெருகிக்கொண்டே இருக்கும். ஆட்டுக்கு நாலு இலை கிடைக்கிறது. அடுத்த போகத்துக்குக் கோடி முட்டை சேர்கிறது.

பயறு வகை பயிரிடுவோர் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். உளுந்து, தட்டைப்பயறு, சோயா மொச்சை ஆகியவற்றின் வேரில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் நல்ல முண்டுகளும் உண்டு. அவற்றைப் புழு முடிச்சு என்று எண்ணிப் பயந்துவிடக் கூடாது. நல்ல முண்டு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். புழு முடிச்சு வேரே வீங்கியது. தேய்த்தால் உதிராது, பிய்த்தால் வேரும் சேர்ந்து அறும்.

மக்காச்சோளம் போட்டால் போய்விடுமா?

கோழித் தீவனத்துக்குக் கிராக்கி இருப்பதால் நம் பகுதியிலும் சிலர் மக்காச்சோளத்துக்கு மாறுகிறார்கள். கத்தரிக்குப் பின் மக்காச்சோளம் போட்டால் நூற்புழு ஒழிந்துவிடும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இது பாதி உண்மைகூட இல்லை.

அமெரிக்காவில் சோயா மொச்சையைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1954-ல் வட கரோலினாவில் முதலில் காணப்பட்டது. அதற்கு எதிராக அங்குள்ள விவசாயிகள் சோயாவையும் மக்காச்சோளத்தையும் மாற்றி மாற்றிப் பயிரிடுகிறார்கள். அந்தப் புழு மக்காச்சோள வேரில் வாழாது. ஆகவே அந்த முறை அங்கே பலன் தருகிறது. நம் தோட்டத்தில் இருப்பதோ வேறு புழு. வேர்முடிச்சு நூற்புழு மக்காச்சோள வேரிலும் பெருகும். ஆனால் அதில் உண்டாகும் முடிச்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. சில நேரம் முடிச்சே இராது. மக்காச்சோள வேரைப் பிடுங்கிப் பார்த்து, "சுத்தமாக இருக்கிறது" என்று நம்பி மறு போகத்தில் தக்காளி நட்டவர் ஏமாறுவது இதனால்தான். மக்காச்சோளத்துக்கென்றே தனி முட்டைக்கூடு நூற்புழுவும் உண்டு. இராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகே முதலில் கண்டறியப்பட்ட அது, சூடான மண்ணை விரும்பும் இனம்.

அமெரிக்க அனுபவத்தில் நமக்கு வேறொரு பாடமும் இருக்கிறது. அங்கே புழு எதிர்ப்புச் சோயா ரகங்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு மூல ரகத்திலிருந்து எதிர்ப்புச் சக்தியைப் பெற்றவை. பல ஆண்டுகள் அதையே விதைத்துக்கொண்டு வந்ததால், அதையும் தின்று வாழக்கூடிய புழுக்கள் தேர்ந்து பெருகிவிட்டன. நம் ஊரில் புழு எதிர்ப்புத் தக்காளி என்று விற்கப்படும் வீரிய ஒட்டு ரகங்களிலும் பொதுவாக ஒரே மரபுக்கூறுதான் காவல் காக்கிறது. அதற்கு மற்றொரு பலவீனமும் உண்டு. மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் அந்த எதிர்ப்புச் சக்தி தளர்ந்துவிடும். தேவகோட்டையில் மாசி கடந்த பிறகு மண் எவ்வளவு சுடும் என்பது செருப்பில்லாமல் நடப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே கோடை நடவுக்கு அந்த ரகத்தை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கத்தரிக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. சுண்டைக்காய்ச் செடியின் வேர் இந்தப் புழுவுக்கு எளிதில் இடங்கொடாது. பாக்டீரியா வாடலையும் தாங்கும். சுண்டையை அடிச்செடியாக வைத்துக் கத்தரியை ஒட்டுக்கட்டிய நாற்றுகள் தமிழ்நாட்டில் இப்போது கிடைக்கின்றன. விலை கூடுதல்தான். ஆனால் வற்றல் போடுவதற்கென்று கொல்லைதோறும் சுண்டை வளர்க்கும் செட்டிநாட்டில், அதன் வேரும் உதவும் என்பது மகிழ்ச்சியான செய்தியல்லவா? ஒட்டுக்கட்டிய நாற்றை நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேல் இருக்க வேண்டும். மண்ணில் புதைந்தால் கத்தரி தன் வேரை இறக்கிவிடும்; செலவு வீண்.

நாற்றங்காலில் தொடங்குங்கள்

ஓர் ஏக்கர் கத்தரிக்கோ தக்காளிக்கோ நாற்றங்கால் ஒரு சென்ட் போதும். ஓர் ஏக்கரைச் சுத்தம் செய்வது பெரும் பாடு. ஒரு சென்ட்டைச் சுத்தம் செய்வது யாராலும் முடியும். ஆதலால் கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிட வேண்டும்.

சித்திரை, வைகாசி மாத வெயிலே இங்கு மருந்து. நாற்றங்கால் இடத்தை நன்கு கொத்திக் கட்டி உடைத்து, சமன் செய்து, மக்கிய தொழு உரத்தைக் கலந்து, நன்றாக நீர் பாய்ச்சுங்கள். மறுநாள் அதன் மேல் நிறமற்ற பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டினாற்போல் விரித்து, நான்கு ஓரங்களையும் மண்ணில் புதைத்து, காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும். கறுப்புத் தாள் கூடாது. வெயில் உள்ளே இறங்க வேண்டுமானால் தாள் கண்ணாடி போல் இருத்தல் வேண்டும். 25 மைக்ரான் தாள் போதும். ஒரு சென்ட்டுக்கு ஓர மடிப்பும் சேர்த்து ஒன்றேகால் கிலோ அளவில் அடங்கும். நான்கு முதல் ஆறு வாரம் இப்படியே விட்டால், மூடிய மண் வெளி மண்ணைவிட 8 முதல் 12 டிகிரி கூடுதலாகச் சூடேறும். புழுவும் முட்டையும் களை விதையும் வெந்துபோகும். ஈரம் இல்லாமல் மூடினால் சூடு கீழே இறங்காது. இந்தத் தவறைப் பலர் செய்கிறார்கள். தாளை எடுத்த பின் ஆழமாகக் கொத்திக் கீழ்மண்ணை மேலே கொண்டுவந்துவிடவும் கூடாது.

பிறகு சதுர மீட்டருக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் அல்லது பேசிலஸ் சப்டிலிஸ் என்ற நுண்ணுயிர்த் தூளைத் தொழு உரத்தில் கலந்து தூவி விதைக்கலாம். ஒரு சென்ட்டுக்கு 400 கிராம் ஆகும்.

குழித்தட்டில் தென்னை நார்க் கழிவு நிரப்பி நாற்று விடுவோரும் பெருகிவருகின்றனர். நல்ல முறைதான். ஆனால் தட்டைத் தோட்ட மண்ணின் மேல் வைத்தால் அடித்துளை வழியாக வேர் இறங்கிப் புழுவை வாங்கிக்கொள்ளும். செங்கல்லோ பலகையோ போட்டு அதன் மேல் வையுங்கள். நாற்றை விலைக்கு வாங்குவோர், தட்டுக்கு இரண்டு நாற்றையாவது உருவி வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்தே வாங்க வேண்டும். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நடவு வயலில்

இப்போது பங்குனி. தை மாத நடவுக் காய்கறிகள் முடியும் தறுவாயில் இருக்கின்றன. கடைசிப் பறிப்பு முடிந்தவுடன் தூர்களை வேரோடு பெயர்த்தெடுத்து, காயவைத்து, வயலுக்கு வெளியே எரித்துவிடுங்கள். எருக்குழியில் போடுவதும் வாய்க்காலில் தள்ளுவதும் புழுவுக்குப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுப்பது போலாகும். அதன் பின் கோடை உழவு. பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை உழுது மண்ணைப் புரட்டிப் போட்டால், மேலே வரும் முட்டையும் குஞ்சும் வெயிலில் காய்ந்து மடியும். ஒரே உழவில் முடித்துவிட்டால் பலன் அரைகுறையாகவே இருக்கும்.

அடுத்து எந்தப் பயிர் வைக்கலாம்? எள்ளின் வேரில் இந்தப் புழு அவ்வளவாகப் பெருகுவதில்லை. நம் தோட்டங்களில் அதிகம் காணப்படும் வேர்முடிச்சு இனத்துக்கு நிலக்கடலையும் பிடிக்காது. குஜராத்தில் கடலையைத் தாக்குவது அதன் சகோதர இனமாகும். ஆகையால் கடலை வேரிலும் காயிலும் முடிச்சு கண்டால் உடனே பரிசோதனைக்கு அனுப்புங்கள். சணப்பையை விதைத்து 45 நாளில், பூக்கும் தருணத்தில், மடக்கி உழுதால் பசுந்தாள் உரமும் கிடைக்கும், புழுவும் குறையும். கண்மாய் நிறைந்து இரண்டு மூன்று மாதம் தண்ணீர் கட்டி நின்ற நஞ்சையில் இந்தப் புழு வெகுவாகக் குறைந்துவிடும். புழுதி விதைப்பு நெல்லை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மழை தாமதித்த ஆண்டில் அங்கே நீர் நிற்பதே சில வாரங்கள்தான். அத்துடன் நெல்லுக்கென்றே உள்ள வேறொரு வேர்முடிச்சு நூற்புழு, நீர் கட்டாத நெல்லில்தான் தலையெடுக்கிறது. நெல் நாற்றின் வேர்நுனி கொக்கி போல் வளைந்து வீங்கியிருந்தால் அதுவே அடையாளம்.

செண்டுமல்லி பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதன் வேரில் நூற்புழுவைக் கொல்லும் ஒரு பொருள் இருப்பது உண்மை. ஆனால் தக்காளி வயலைச் சுற்றி ஒரு வரிசை நட்டுவிட்டு நூற்புழு போகவில்லை என்று வருந்துவோர் உண்டு. அந்த ஓர வரிசை காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியைக் கவர்வதற்கானது. நூற்புழுவுக்கு வேண்டுமானால் வயல் முழுவதும் நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதமாவது நிற்கவைக்க வேண்டும். வேர் எங்கே படர்கிறதோ அங்கேதான் பலன். பூ விற்பனையும் ஆகும் என்பதால் சிறு விவசாயிக்கு இது நட்டமில்லாத வைத்தியம்.

நடவுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னதாக ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட்டு, மண்ணில் கலந்து, ஈரம் காட்டுங்கள். அவ்வளவு வாங்க இயலாதோர் வயல் முழுதும் இறைக்காமல், நடும் குழியில் மட்டும் ஒரு கைப்பிடி வைக்கலாம். கடையில் மூட்டையாகக் கிடைக்கும் பிண்ணாக்கில் கலப்படம் மிகுதி. முகர்ந்தால் வேம்பின் வாடை வீச வேண்டும். ஆனி, ஆடியில் நம் ஊர்ப் பெண்கள் பொறுக்கி வியாபாரிக்கு விற்றுவிடும் வேப்பங்கொட்டையில் ஒரு மரக்காலாவது வீட்டில் நிறுத்தி, இடித்து இடுவது இதைவிட மேல்.

நுண்ணுயிர்களில் சூடோமோனாஸ், புழுவின் முட்டையைத் தின்னும் பர்புரியோசில்லியம் லிலாசினம் என்ற பூசணம் ஆகியவை பயன்படுகின்றன. ஏக்கருக்கு ஒரு கிலோ தூளை 20 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து, கையால் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரமாக்கி, நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து இடுவது நல்லது. இவை உயிருள்ள பொருள்கள். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பார்க்க வேண்டும். வெயிலில் அடுக்கி வைத்த பொட்டலத்தை வாங்காதீர்கள். இரசாயனப் பூசணக்கொல்லியுடன் சேர்த்து இடவும் கூடாது.

குருணை மருந்தைப் பற்றி

நூற்புழு என்றதும் குருணை மருந்தைக் கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு காலத்தில் நெமகான் என்ற பெயரில் மண்ணில் ஊசி போட்ட மருந்து, அதைத் தயாரித்த தொழிலாளர்களுக்கு மலட்டுத்தன்மை உண்டாக்குவது 1977-ல் அமெரிக்காவில் வெளிப்பட்டது. இந்தியாவில் 1989-ல் தடை செய்யப்பட்டது. ஆல்டிகார்ப் 2001-லும், போரேட் 2020-ஆம் ஆண்டு முடிவிலும் விலக்கப்பட்டன. கார்போபியூரானில் 3 சத உறையிட்ட குருணை தவிர்த்த மற்ற வடிவங்களைக் கைவிடுமாறு மத்திய அரசு 2023-ல் ஆணையிட்டது. பழைய இருப்பு என்று யாராவது போரேட் கொடுத்தால் வாங்க வேண்டாம். மூன்று நாளுக்கொரு முறை காய் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் வெண்டையிலும் கத்தரியிலும், காய்ப்புத் தொடங்கிய பின் குருணை இடுவது உண்பவர்க்குச் செய்யும் கேடு. ஃபுளுவோபைரம், ஃபுளுயென்சல்ஃபோன் போன்ற புதிய மருந்துகள் தக்காளி முதலியவற்றுக்கு அனுமதி பெற்று வந்துள்ளன. விலை அதிகம். இவற்றை நடவுச் சமயத்தில், சீட்டில் எழுதியுள்ள பயிருக்கு, எழுதியுள்ள அளவில் மட்டுமே கையாள வேண்டும். முடிச்சு விழுந்து மூன்று மாதமான செடிக்கு எந்த மருந்தும் புது வேர் கட்டிக் கொடுக்காது.

பரிசோதனை செய்வது எப்படி?

நூற்புழுவுக்கு மண் எடுப்பதும் உரப் பரிந்துரைக்கு மண் எடுப்பதும் ஒன்றல்ல. உரத்துக்கு மண்ணை நிழலில் உலர்த்தி அனுப்புகிறோம். இதற்கு உலர்த்தினால் புழு செத்துவிடும்; ஆய்வகத்தில் ஒன்றும் தெரியாது. ஈரமாக உள்ள வயலில், மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு, வேர்ப் பகுதியில் ஒரு சாண் ஆழத்திலிருந்து பத்துப் பதினைந்து இடங்களில் மண் எடுத்துக் கலந்து, அதிலிருந்து கால் கிலோவும் அத்துடன் ஒரு பிடி சல்லி வேரும் பாலித்தீன் பையில் இட்டுக் கட்டுங்கள். முழுதும் காய்ந்த செடியின் அடியில் எடுக்க வேண்டாம். அங்கே தின்ன ஏதும் இல்லாமல் புழு குறைந்திருக்கும். வாடத் தொடங்கிய செடியின் அடியிலும் அதன் பக்கத்துச் செடியின் அடியிலும் எடுக்க வேண்டும். பையை வெயிலில் வைக்காமல், பயிர், முந்தின பயிர், ஊர் ஆகியவற்றை எழுதிய சீட்டுடன் இரண்டொரு நாளில் சேர்ப்பித்தல் அவசியம். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, செட்டிநாட்டில் 2022-ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியையோ அணுகினால் வழி சொல்வார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

அலைய முடியாதவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் சோதனை ஒன்றைச் சொல்கிறேன். வயலின் நான்கு பக்கத்திலிருந்தும் எடுத்த ஈர மண்ணை நான்கு தொட்டிகளில் தனித்தனியே நிரப்பி, ஒவ்வொன்றிலும் நாலைந்து தக்காளி விதை ஊன்றித் தண்ணீர் விட்டு வாருங்கள். 40 நாள் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்து வேரை அலசிப் பாருங்கள். முடிச்சு இல்லையென்றால் அந்தப் பக்கம் துணிந்து நடலாம். கால் பங்கு வேருக்கு மேல் முடிச்சு இருந்தால் அங்கே கத்தரி, தக்காளி இந்த ஆண்டு வேண்டாம். இதற்குச் செலவு நாலு பழைய டப்பாவும் ஒரு தக்காளிப் பழமும்தான்.

சருகணிச் சாலை அம்மையார் அந்தச் சித்திரையில் தூரை எடுத்து எரித்துவிட்டு மூன்று உழவு ஓட்டினார். ஆடியில் சணப்பை விதைத்து மடக்கி உழுதார். அடுத்த மாசியில் பாதி நிலத்தில் எள், மீதியில் செண்டுமல்லி. பூவில் வந்த வருமானம் நல்ல கத்தரிக்கு ஈடாகாது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டு வட்டி கட்டத்தான் அது சரியாக இருந்தது. வைகாசி வெயிலில் மூடிவைத்த அரை சென்ட் நாற்றங்காலில் நாற்று விட்டு, ஆடியில் கத்தரி நட்டார். இந்தத் தை மாதம் போயிருந்தபோது அவரே மண்வெட்டியோடு வரப்பில் நின்றார். ஐந்து இடத்தில் தோண்டி அலசினோம். நான்கு இடங்களில் சல்லி வேர் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கிணற்று மூலையில், பக்கத்துத் தோட்டத்து நீர் வழியும் இடத்தில், இரண்டு தூரில் முடிச்சு இருந்தது. "அந்த மூலைக்கு இந்த வருஷமும் எள்ளுதான் சார்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வழியாமல் தடுக்க வரப்பை உயர்த்தத் தொடங்கினார்.